கிளச் போயிட்டுதா? ஸ்போர்ட்ஸ் கார் கிளச்சை விளங்கிக்கொள்ள ஓர் எளிய விளக்கம்

"கிளச் போயிட்டுது அண்ணை." யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இந்த ஒரு வசனத்துக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் அடங்கிவிடுகின்றன. எஞ்சின் கத்துகிறது, கார் போகவில்லை என்றாலும் இதுதான். கியர் விழவில்லை, வெளிக்கிடும்போது கார் நடுங்குகிறது, பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, பெடல் கீழே போய் அப்படியே கிடக்கிறது என்றாலும் இதுதான். ஐந்துக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. சிலவற்றை ஒரு போத்தல் பிரேக் ஒயிலோடும் ஒரு மணித்தியால வேலையோடும் முடிக்கலாம். சிலவற்றுக்குக் கியர்பொக்ஸ் முழுவதையும் இறக்கவேண்டும்.

சாதாரண காரில் தவறாகக் கணித்தால் ஒரு நாள் வேலை வீணாகும். போர்ஷே, பிஎம்டபிள்யூ எம் வகை, நிசான் ஜி.ரி.ஆர் போன்ற காரில் அதே தவறு பெரிய தொகையைத் தின்றுவிடும். பாகத்தைக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எடுப்பிக்கவேண்டும். அது வரும்வரை கார் ஜக்கின் மேலேயே நிற்கும். ஆகவே கழற்ற முன் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்க, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும்.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போல

பருத்தித்துறை மினிபஸ் புறப்பட்டு மெல்ல நகர்கிறது. கீழே நிற்கும் கொண்டக்டர் நின்ற இடத்திலிருந்து அப்படியே காலை வைத்து ஏறுவதில்லை. பஸ்ஸோடு நாலு அடி ஓடி, அதன் வேகமும் தன் வேகமும் ஒன்றானதும் படியில் கால் வைக்கிறார். ஓடாமல் கம்பியைப் பிடித்தால் கை இழுபடும், விழுவார்.

கிளச் செய்வதும் இதைத்தான். கார் நின்றாலும் ஓடவிட்ட எஞ்சின் நிற்பதில்லை. சும்மா நிற்கும்போதுகூட (இதைத்தான் ஐடில் என்பார்கள்) நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். சில்லோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் சட்டென்று பூட்டினால் ஒன்றில் எஞ்சின் நின்றுவிடும், இல்லையென்றால் எதாவது உடையும். இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை உரசி வழுக்கவிட்டு, பிறகு இறுக்கிப் பிடிப்பதுதான் கிளச்சின் வேலை.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து வலக்கையை முறுக்கிப் பாருங்கள். மெதுவாகத் தொட்டால் ஒன்று மட்டும் சுற்றும், உள்ளங்கை சூடேறும். இறுக்கி அழுத்தினால் இடக்கையும் சேர்ந்து திரும்பும், சூடு வராது. வழுக்கும்போது மட்டுமே சூடு, பிடித்துவிட்டால் இல்லை. கிளச்சின் ஆயுள் முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் தங்கியிருக்கிறது.

உள்ளே இருக்கும் சாமான்கள்

எஞ்சினின் பின்புறத்தில் அதோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சில்லு *பிளைவீல்*. அதன் முகத்தோடு ஒட்டி நிற்பது *கிளச் பிளேட்*: இரண்டு பக்கமும் பிரேக் பாட் போன்ற உராய்வுப் பொருள் ஆணியடித்துப் பொருத்தப்பட்ட மெல்லிய தட்டு. இதன் நடுத்துளை கியர்பொக்ஸின் தண்டில் பல்லுப் பல்லாகக் கோத்திருக்கும். அதற்கு மேல் மூடிபோல வந்து பிளேட்டைப் பிளைவீலோடு நெரிப்பது *பிரஷர் பிளேட்*. நெரிக்கும் பலம் அதனுள் இருக்கும், விரல் விரலாக வெட்டிய வட்டத் தகட்டு ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது.

பலர் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் இடம் இது. பெடலை மிதிப்பதால் கிளச் பிடிப்பதில்லை. அது எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பெடலை மிதிக்கும்போதுதான் விடுகிறது. மிதித்தவுடன் *ரிலீஸ் பெயரிங்* என்ற வளையம் அந்த விரல்களைத் தள்ள, நெரிப்புத் தளர்கிறது. ஆகவே ஓடும்போது இடக்காலைப் பெடலில் சும்மா வைத்திருப்பவர், கிளச்சை ஓரளவு தளர்த்திக்கொண்டே ஓடுகிறார். பெயரிங்கும் ஓய்வில்லாமல் சுற்றித் தேய்கிறது.

பெடலுக்கும் பெயரிங்குக்கும் இடையில் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கேபிள் இல்லை, திரவம்தான். பெடலோடு இருக்கும் *மாஸ்டர் சிலிண்டர்* ஒயிலைத் தள்ளும். கியர்பொக்ஸ் பக்கம் இருக்கும் *ஸ்லேவ் சிலிண்டர்* அந்தத் தள்ளலை வாங்கிப் பெயரிங்கை நகர்த்தும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில் தாங்கிதான்.

இன்னுமொரு சொல் மட்டும். விலை கூடிய கார்கள் பலவற்றில் பிளைவீல் ஒரே துண்டாக இராது. இரண்டு சில்லுகளை நடுவில் ஸ்பிரிங் வைத்துச் சேர்த்திருப்பார்கள். இதுதான் *டுவல் மாஸ் பிளைவீல்*. எஞ்சினின் அதிர்வு கியர்பொக்ஸுக்குப் போகாமல் தடுப்பதற்காக 1985 முதல் வந்தது. பழுதுபார்க்கும்போது செலவை ஏற்றுவதும் பெரும்பாலும் இதுதான்.

இதுவரை சுருக்கமாக: பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் கிளச் பிளேட் நெரிபட்டு நிற்கிறது. பெடல் அந்த நெரிப்பைத் தளர்த்துகிறது. தளர்த்தும் பலம் ஒயில் வழியாகப் போகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் கிளச் ஏன் மெதுவான ஓட்டத்தில் சாகிறது

1,500 கிலோ நிறையுள்ள ஒரு காரை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் கொண்டுவர ஏறத்தாழ 23 கிலோஜூல் சக்தி வேண்டும். எஞ்சினின் சுற்றை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளச்சை விட்டால், காருக்குப் போகும் அதே அளவு சக்தி கிளச்சில் சூடாக மாறும். ஒரு கிலோ இரும்பை 50 பாகை அளவுக்குச் சூடாக்க அது போதும். ஒருமுறை என்றால் பரவாயில்லை, ஆறிவிடும். கஸ்தூரியார் வீதியில் பின்னேரம் இருபது தரம் நின்று நின்று வெளிக்கிட்டால் ஆற நேரமில்லை, சூடு ஏறிக்கொண்டே போகும்.

ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் மோசம். முதலாம் கியரே வேகத்துக்காக அமைத்தது. அதனால் எஞ்சினின் ஐடில் சுற்றோடு சில்லின் வேகம் ஒத்துவர, சாதாரண காரைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகவேண்டும். அந்த வேகம் வரும்வரை கிளச் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஊர்ந்து போகும்போது அந்த வேகம் வருவதே இல்லை. அகன்ற ரயர் வீதியை இறுக்கிப் பிடிப்பதால், சட்டென்று கிளச்சை விட்டாலும் ரயர் சுழன்று பாரத்தைக் குறைக்காது. முழு அடியும் கிளச்சில் விழும்.

யாழ்ப்பாணம் தட்டையான நிலம், மலையேற்றம் இல்லை, ஆகவே கிளச்சுக்கு நல்லது என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. வாய்க்காலுக்கு மேலே சீமெந்துச் சரிவு போட்ட வீட்டு வாசல்கள் இங்கே ஏராளம். பதிந்த காரின் அடி தட்டுப்படாமல் அந்தச் சரிவில் ரிவேர்ஸில் ஏற்ற, ஆட்கள் கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்கள். நூறு கிலோமீற்றர் ஏ9 வீதியில் ஓடினாலும் தேயாத பிளேட் இந்த ஐந்து நிமிடத்தில் தேயும். சரிவை நீட்டி, ஏற்றத்தைக் குறைத்துக் கட்டுவிக்க ஆகும் சீமெந்துச் செலவு, ஒரு கிளச் செற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

ஐந்து நோய்கள், ஐந்து சோதனைகள்

*வழுக்கல்.* நாலாம் அல்லது ஐந்தாம் கியரில் மணிக்கு 50, 60 கிலோமீற்றரில் போகும்போது அக்சிலேற்றரை முழுதாக மிதியுங்கள். சுற்றுமானி ஊசி சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளச் வழுக்குகிறது. ஹாண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாம் கியரில் கிளச்சை விட்டு எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை இந்தக் கார்களில் செய்யவேண்டாம். மின் ஹாண்ட்பிரேக் சில மாதிரிகளில் தானே விடுபட்டுவிடும். காரணம் பெரும்பாலும் தேய்ந்த பிளேட்தான். ஆனால் பிளேட்டில் ஒயில் பட்டிருந்தாலும் வழுக்கும். மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டாலும் வழுக்கும். கியர்பொக்ஸை இறக்க முன் ஒரு வேலை செய்யுங்கள்: வழுக்கும் நேரத்தில் காரை நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரின் காற்றெடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒயில் பீறிட்டு வந்து, அதன்பின் வழுக்கல் நின்றால் பிளேட் நல்லது, கோளாறு மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருக்கிறது.

*விடாமை.* பெடலை முழுதாக மிதித்தும் நெரிப்பு முற்றாகத் தளராமல் இருப்பது. எஞ்சின் சூடாகி, ஐடிலில் இருக்கும்போது பெடலை மிதித்து மூன்று விநாடி பொறுத்து, மெதுவாக ரிவேர்ஸ் போடுங்கள். கறகறவென்று பல் அரைத்தால் விடவில்லை என்று அர்த்தம். முன்செல்லும் கியர்களில் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் இருப்பதால் அவை இதை மறைத்துவிடும். ரிவேர்ஸில் பல கார்களில் அது இல்லை, ஆகவே அது உண்மையைச் சொல்லும். அடுத்து, பெடலை நாலைந்து தரம் வேகமாக அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது சுகமாக விழுந்தால் ஒயில் பாதையில் காற்று அல்லது கசிவு இருக்கிறது. கியர்பொக்ஸுக்குக் கை வைக்கத் தேவையில்லை.

*பெடல் கீழே கிடப்பது.* இதுவும் பெரும்பாலும் ஒயில் பக்கத்துக் கோளாறுதான். தாங்கியில் மட்டம் குறைந்திருக்கிறதா, பெடலுக்குக் கீழே கால்விரிப்பில் ஈரம் இருக்கிறதா, கியர்பொக்ஸ் அடியில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிய டொட் 4 வகைப் பிரேக் ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். எஞ்சினும் புகைக்குழாயும் நெருக்கமாக இருக்கும் காரில் ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆனால் எல்லாக் காரின் கிளச்சும் பிரேக் ஒயிலில் ஓடுவதில்லை. சில மாதிரிகளுக்கு ஹைட்ரோலிக் மினரல் ஒயில்தான். மூடியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் ஊற்றினால் றபர் சீல்கள் எல்லாம் ஊதிப் பழுதாகும்.

*நடுக்கம்.* வெளிக்கிடும்போது மட்டும் கார் உதறினால் பிளேட்டில் ஒயில் பட்டிருக்கலாம், பிளைவீல் முகத்தில் சூட்டுத் தழும்புகள் இருக்கலாம். ஆனால் முதலில் எஞ்சின் மவுண்டிங்கையும் கியர்பொக்ஸ் மவுண்டிங்கையும் பாருங்கள். கிழிந்த மவுண்டிங்கும் இதே நடுக்கத்தைத் தரும், மாற்றுவதும் எவ்வளவோ சுலபம். இதைப் பார்க்காமல் கிளச்சை மாற்றி, மாற்றியபின்னும் நடுங்குகிறது என்று நிற்பது மிகவும் பரிதாபமான நிலை.

*சத்தம்.* காதை வைத்துக் கேட்டாலே பாதி விடை. நியூட்ரலில் பெடலை மிதிக்கும்போது வந்து, விட்டால் போகும் சத்தம் ரிலீஸ் பெயரிங். நேர்மாறாக, பெடலை விட்டிருக்கும்போது வந்து மிதித்தால் போகும் சத்தம் கியர்பொக்ஸின் முன்தண்டுப் பெயரிங். கிளச் செற்றை மாற்றினாலும் அது போகாது. எஞ்சினை நிறுத்தும் அந்தக் கணத்தில் தகரம் உருள்வதுபோல் கேட்டால் டுவல் மாஸ் பிளைவீலைச் சந்தேகியுங்கள்.

சுருக்கமாக: வழுக்கலும் நடுக்கமும் வந்தால் உள்ளே தேடவேண்டியிருக்கலாம். விடாமையும் பெடல் விழுவதும் வந்தால் முதலில் ஒயிலைத் தேடுங்கள்.

ஆறு மாதம் நின்ற கார்

இங்கே இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருப்பவர்கள் வாங்கி ஊரில் விட்டிருக்கும் கார்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போதுதான் வெளியே வருகின்றன. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரி ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து பிளைவீல் முகத்தில் துரு ஏற்றும். கிளச் எப்போதும் நெரிந்தே நிற்பதால் பிளேட் அந்தத் துருவோடு ஒட்டிப்போகும். பெடல் சாதாரணமாகத்தான் இருக்கும், எஞ்சின் ஓடும், ஆனால் எந்தக் கியரும் விழாது. பார்ப்பவர் கிளச் போயிட்டுது என்பார். போகவில்லை, ஒட்டியிருக்கிறது.

முதலில் நியூட்ரலில் எஞ்சினை முழுச் சூட்டுக்கு ஓடவிட்டு நிறுத்தவேண்டும். பிறகு முன்னால் ஆளும் மதிலும் இல்லாத வெளியில், பெடலை மிதித்தபடி இரண்டாம் கியரில் ஸ்ராட் செய்யவேண்டும். கார் பெடல் மிதித்திருந்தும் பாய்ந்து நகரும், அதற்குத் தயாராக இருங்கள். மெதுவாக ஓடிக்கொண்டே, பெடலை மிதித்தபடி அக்சிலேற்றரை மென்மையாக அழுத்தி, பிறகு காலை எடுங்கள். பெரும்பாலும் ஒரு 'டக்' சத்தத்தோடு விடுபடும். நாலைந்து முயற்சியில் விடாவிட்டால் நிறுத்துங்கள். மேலும் உதறினால் பிளேட்டின் நடு ஸ்பிரிங்குகள் உடையும். வராமல் தடுக்க வழி ஒன்றுதான்: இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது எடுத்து இருபது நிமிடம் ஓட்டவேண்டும். வாசலில் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிடுவது போதாது, பிளேட் பிளைவீலோடு சேர்ந்தே சுற்றும், உரசாது.

ஓட்டோமற்றிக் என்றால் கிளச் இல்லையா?

பெடல் இல்லை என்பதுதான் உண்மை. வழமையான ஓட்டோமற்றிக்கில் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ஒயில் சுழன்று பலத்தைக் கடத்தும், வெளிக்கிடும்போது வழுக்கித் தேய்கிற பிளேட் அங்கே இல்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இருப்பது வேறு. 1997இல் பெராரி 355 இல் வந்த எப்1 முறையில், சாதாரண கிளச்சையே ஆளின் காலுக்குப் பதிலாகக் கொம்பியூட்டரும் ஹைட்ரோலிக்கும் மிதிக்கின்றன. பிளேட் தேயும், மாற்றவும் வேண்டும். தேய்மானத்தை ஸ்கானர் வைத்து வாசிக்கலாம், ஆகவே அப்படியான காரை வாங்க முன் அந்த வாசிப்பைக் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு வகை இரட்டைக் கிளச். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி மா இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது மேலே தயாராக நிற்கும், இடையில் வெற்று நேரம் இல்லை. அதுபோல ஒரு கிளச் 1, 3, 5 கியர்களையும் மற்றது 2, 4, 6 ஐயும் பிடிக்கும். 2007இல் வந்த நிசான் ஜி.ரி.ஆர், 2008இல் போர்ஷே 911 இல் வந்த பிடிகே கியர்பொக்ஸ் இரண்டிலும் இந்தப் பிளேட்டுகள் ஒயிலுக்குள் இருக்கின்றன. ஒயில் சூட்டை வாங்கிக்கொள்ளும், ஆனால் அந்த ஒயிலையும் வடியையும் குறித்த தூரத்தில் மாற்றவேண்டும். ஒயில் இல்லாத உலர் வகையும் உண்டு. நமது வீதிகளில் நிறைய ஓடும் ஹோண்டா வெசல் ஹைபிரிட்டின் முதல் தலைமுறையில் இருப்பது அதுதான். நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்தால் இதிலும் கிளச் வழுக்கிச் சூடாகும். முன்னால் ஒரு கார் அளவு இடைவெளி விட்டு, பிரேக்கை முழுதாகப் பிடித்து நின்று, பிறகு ஒரேயடியாக நகருங்கள்.

இறக்குவது என்று முடிவானால்

செலவில் பெரும் பங்கு பாகத்துக்கல்ல, இறக்கி ஏற்றும் வேலைக்கு. முன் எஞ்சினுள்ள மஸ்டா எம்.எக்ஸ் 5 இல் கியர்பொக்ஸைக் கீழே பின்பக்கமாக எடுக்கலாம். போர்ஷே பொக்ஸ்ரரில் எஞ்சின் நடுவில், கியர்பொக்ஸ் அதற்குப் பின்னால். பின்பக்கத்து எத்தனையோ சாமான்களைக் கழற்றித்தான் கை நுழையும். ஜி.ரி.ஆரில் கியர்பொக்ஸே பின்சில்லுகளுக்கு நடுவில். ஆகவே ஒருமுறை திறந்தால், மறுபடி திறக்கவைக்கும் எதையும் உள்ளே பழசாக விடக்கூடாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங், அது ஓடும் குழல், நடுப் பெயரிங், பிளைவீல் போல்ட்டுகள், எஞ்சினின் பின் சீல், கியர் ஒயில். ஸ்லேவ் சிலிண்டர் உள்ளேயே இருக்கும் வகையென்றால் அதுவும். பிளைவீல் போல்ட்டுகளில் பல, இறுக்கும்போது நீண்டு பிடிப்பவை. இரண்டாம் முறை பாவிக்க முடியாது.

பழைய பிளேட்டில் ஆணித் தலைக்கு மேல் 0.3 மில்லிமீற்றர்கூட மிச்சமில்லையென்றால் அது முடிந்த கதை. டுவல் மாஸ் பிளைவீலை லேத்தில் கடைய விடாதீர்கள். அதன் இரு பாகங்களுக்கும் இடையில் இருக்கும் ஆட்டத்தைக் கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, மிஞ்சியிருந்தால் மாற்றுங்கள். பொருத்தும்போது பிளேட்டை நடுமையக் குச்சி வைத்துச் சரிப்படுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் ரோர்க் ஸ்பானரால் இறுக்கவேண்டும். தானே தேய்மானத்தை ஈடுசெய்யும் வகைப் பிரஷர் பிளேட்டை அதற்குரிய கருவி இல்லாமல் இறுக்கினால் உள்வளையம் திரும்பி, புதுக் கிளச்சே விடாது. தண்டுப் பற்களுக்குக் கிரீஸ் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கூடினால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றும்போது கியர்பொக்ஸின் பாரத்தைத் தண்டில் தொங்கவிடாதீர்கள். பிளேட் வளைந்துவிடும், முதல் நாளே நடுங்கும். கொம்பியூட்டர் மிதிக்கும் வகைக் காரில் இவ்வளவும் முடிந்தபின் கிளச் தொடும் புள்ளியை ஸ்கானர் மூலம் புதிதாகப் பதியவேண்டும்.

கொழும்புக்குத்தான் அனுப்பவேண்டும் என்றால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கயிறு கட்டி இழுக்கும் எண்ணம் வேண்டாம். நாலு சில்லும் மேலே ஏறும் தட்டையான கரியர் லொறிதான். நாலுசில்லு இழுவைக் காரையும் இரட்டைக் கிளச் காரையும் சில்லு வீதியில் உருள இழுத்தால், கிளச்சோடு நிற்கவேண்டிய செலவு கியர்பொக்ஸுக்கும் போகும். கார் திரும்பி வந்ததும் முதல் 500 முதல் 800 கிலோமீற்றர் வரை முழு அக்சிலேற்றர் கொடுக்காமல், கியர் மாற்றி மாற்றிச் சாதாரணமாக ஓட்டுங்கள். புதுப் பிளேட்டின் முகம் பிளைவீலோடு முழுதாகப் படிய அவ்வளவு தூரம் வேண்டும்.